நிலத்தையும் சேர்த்து வாங்கியவர்கள்

(நாமக்கல்லில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பொக்கிஷம்'. நாமக்கல்லில் நின்றுகொண்டு பொக்கிஷத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பயம்தான். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் இது. முட்டையை எண்ணியே முன்னுக்கு வந்த ஊர். வட்டிக்கணக்கை விரல் மடக்காமலே போட்டுவிடுகிற ஊர். உங்களுக்குப் பொருளின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் கணக்கை விட்டுவிட்டு மலையைப் பார்ப்போம். மழை விட்ட காலையில் மொட்டை மாடியில் நின்றால் நீலமாகத் தெரிகிறதே, அந்தக் கொல்லிமலையை.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மனிதர்கள் எதைத் தேடி அந்த மலை ஏறுகிறார்கள்?

சித்தர்களைத் தேடி ஏறினார்கள். இரும்பைப் பொன்னாக்கும் ரசவாதம் அங்கே இருக்கிறது என்றார்கள். சாவைத் தள்ளிப்போடும் கருமூலிகை இருக்கிறது என்றார்கள். அதைத் தேடிப் போய்க் கைக்காசைத் தொலைத்தவர்களை எனக்கே தெரியும். பொன்னோடு இறங்கியவர் எவரையும் தெரியாது. மிளகைத் தேடி வியாபாரிகள் ஏறினார்கள். பாக்சைட்டைத் தேடி இயந்திரங்கள் ஏறின. கல் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது, குழி மலையிலேயே தங்கிவிட்டது. இப்போது சனி ஞாயிறுகளில் நாமும் ஏறுகிறோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் பிள்ளை வாந்தி எடுக்கும். ஆகாய கங்கையில் ஒரு குளியல், அறப்பளீசுவரரை ஒரு கும்பிடு, செம்மேட்டுச் சந்தையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம், பொழுது சாய்வதற்குள் இறக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஏறுகிற எல்லோரிடமும் ஓர் ஒற்றுமை இருக்கிறது, கவனித்தீர்களா? எல்லோரும் எதையோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

எடுக்காமல் கொடுத்தவன் ஒருவன் அந்த மலையில் இருந்தான். அவனை விட்டுவிட்டு மேலே போனால் இந்த ஊரில் என்னை மன்னிக்க மாட்டீர்கள். வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடிப் பதினெட்டை ஒட்டி இன்றைக்கும் மலையில் அவனுக்கு விழா எடுக்கிறோம். அவனை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வரிசையாக வீழ்த்திய ஒரு வேடனைப் பாணர் கூட்டம் காட்டில் சந்திக்கிறது. அவன் பசித்தவர்களுக்கு இறைச்சி கொடுக்கிறான், பொன்னும் கொடுக்கிறான். ஆனால் புகழ்ந்து பாடினால் கூசி நிற்கிறான். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று கலிலேயாவில் ஒருவர் போதித்தார் அல்லவா? அந்தப் போதனையை மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலை வேடன்தான் நினைவுக்கு வருகிறான். நம் மண்ணுக்கு இது புதுச் சங்கதி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அதே ஆறாம் அதிகாரத்தில்தான் நம் தலைப்பும் இருக்கிறது. பூமியில் சேர்க்கிற சேமிப்பைப் பூச்சி அரிக்கும், துரு தின்னும், திருடன் கன்னம் வைப்பான் என்கிறார் இயேசு. பூச்சி என்றதும் எனக்கு என் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம். கல்யாணப் பட்டு ஒன்றை அதில் வைத்திருந்தார். 'நல்ல நாளைக்குக் கட்டலாம், நல்ல நாளைக்குக் கட்டலாம்' என்று முப்பது வருஷம் வைத்திருந்தார். அந்த நல்ல நாள் வந்து, வெளியே எடுத்து உதறினால், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்தது. பூச்சிகூட அரிக்கவில்லை. மடித்தே வைத்திருந்ததில் தானாகவே இற்றுப்போயிருந்தது. அம்மா அழவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பைபிளுக்கு உறை தைத்தார். ஐயோ, இத்தனை வருஷம் கழித்துத்தானே இதற்கு ஓர் உபயோகம் வந்தது என்று அவர் முணுமுணுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, பூமியில் வேண்டாம் என்றால் வேறு எங்கே சேர்ப்பது? பரலோகத்தில் என்கிறார். அது எங்கே இருக்கிறது, எந்த பஸ் போகிறது? இங்கேதான் நம் பிரசங்கங்கள் மேகத்துக்குள் போய்விடுகின்றன. ஆனால் அதே மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு ஒரு சின்னக் கதை சொல்கிறார். அது மேகத்தில் நடக்கவில்லை, வயலில் நடக்கிறது. ஒருவன் இன்னொருவர் நிலத்தில் புதையலைக் காண்கிறான். திரும்ப மூடி வைக்கிறான். வீட்டுக்குப் போய் இருப்பதையெல்லாம் விற்கிறான். வந்து அந்த நிலத்தை வாங்குகிறான். (இந்தியாவில் என்றால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இயேசுவின் கதைக்காரன் பிழைத்தான்!)

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எல்லாப் பிரசங்கமும் புதையலைப் பற்றியே பேசும். நிலத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அவன் ஏன் நிலத்தை வாங்க வேண்டும்? ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு வந்து புதையலை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாமே? அவன் அப்படிச் செய்யவில்லை. கல்லும் முள்ளும் கோரைப்புல்லும் வரப்புச் சண்டையும் சேர்த்து முழு நிலத்தையும் வாங்கினான். புதையல் வேண்டுமென்றால் நிலமும் வேண்டும்.

நமக்கோ புதையல் மட்டும் வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஆசீர்வாதம், பெருக்கம் என்று வந்தால் முகம் மலர்கிறது. சிலுவையைச் சுமப்பது பற்றி வந்தால், 'ஐயரே, இது எனக்கு வந்தது இல்லை, அட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது' என்று கூடைக்குள் திருப்பிப் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஏன் மறைக்க வேண்டும்?

இனி, நிலத்தையும் சேர்த்து வாங்கிய இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த உரை முழுவதும் அவர்களுக்காகத்தான்.

ஜெசி பிராண்ட். 1885இல் பிறந்தவர், இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு ஊர்க்காரர். 1907இல் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக வந்து, கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் இருந்தார். மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி உண்டு, டாக்டர் பட்டம் கிடையாது. மேலே மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்களில் காய்ச்சல் அள்ளிக்கொண்டு போகிறது, ஏறிப் பார்க்க ஆளில்லை என்று கேள்விப்பட்டார். அந்த மலை அவரை விடவில்லை.

ஈவ்லின் ஹாரிஸ். 1879இல் பிறந்தவர், லண்டனில் வசதியான வியாபாரியின் மகள். ஓவியம் கற்றவர். பட்டு உடையும் இறகு வைத்த தொப்பியுமாக வளர்ந்தவர். 1913 ஆகஸ்டில் இருவருக்கும் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு மலைக்குப் புறப்பட்டார்கள், வழியில் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வளைவும் இல்லை, தார்ச்சாலையும் இல்லை. ஏறக்குறைய நாலாயிரம் அடி, ஒற்றையடிப் பாதை. லண்டன் பட்டு என்ன கதி ஆகியிருக்கும்? என் அம்மாவின் பட்டு பெட்டிக்குள் இற்றது. இந்த அம்மாளின் வாழ்க்கையில் பட்டுக்கு வேலையே இல்லாமல் போனது.

அவர்கள் குடியேறிய இடம் வாழவந்தி நாடு. பெயரைப் பாருங்கள்! பெயர்க் காரணம் வேறாக இருக்கட்டும். இந்த இருவர் விஷயத்தில் அந்தப் பெயர் அப்படியே பலித்தது.

ஜெசி மரத்தால் வீடு கட்டினார். கரையான் ஏறாமல் இருக்கக் கால் நட்டு, ஒவ்வொரு காலின் உச்சியிலும் ஓர் இரும்பு வறைசட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தளம் போட்டார். பூச்சி அரிக்கும் என்று பிரசங்கம் பண்ண வந்தவர் முதலில் பூச்சிக்கு எதிராக வறைசட்டி கவிழ்த்தார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஆவிக்குரிய மனிதர் என்றால் கரையானைக் கவனிக்க மாட்டார் என்று யார் சொன்னது?

பிறகு மருந்து கொடுத்தார். பல் பிடுங்கினார். பள்ளிக்கூடம் வைத்தார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். எல்லாம் செய்தார், சபையில் மட்டும் ஆள் இல்லை. வருஷங்கள் ஓடின, ஞானஸ்நானத்துக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. மலைச் சாமிக்குப் பூசை செய்த ஒரு பூசாரி, இவர்களிடம் யாரும் போகக் கூடாது என்று தடுத்தார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அவருக்கும் நியாயம் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சி, வெள்ளைக்காரன் சாமி, நம் சாமியை நாம்தானே காக்க வேண்டும்? அந்த அச்சத்தை நான் குறை சொல்லத் தயாராக இல்லை.

அப்போது வந்தது 1918ஆம் வருஷத்து விஷக்காய்ச்சல். உலகையே வாரிக்கொண்டு போன இன்ஃப்ளூயன்சா மலைமேலும் ஏறியது. பூசாரி வீட்டில் படுத்தது. பயந்துபோய் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெசியும் ஈவ்லினும் போனார்கள். பூசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தம் கைக்குழந்தையை, பெண் குழந்தையை, யாரை விரட்டப் பார்த்தாரோ அவர்களிடமே வளர்க்கக் கொடுத்தார். அவரும் போனார், மனைவியும் போனார். குழந்தை பிராண்ட் வீட்டில் வளர்ந்தது.

மலை மக்கள் இதைப் பார்த்தார்கள். பிரசங்கத்தைக் கேட்டு வராதவர்கள் அதற்குப் பிறகு வர ஆரம்பித்தார்கள். ஒரு தகப்பன் சாகிற நேரத்தில் தன் பொக்கிஷத்தை எங்கே வைத்தான் என்பதைப் பார்த்து வந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இனி ஒரு கிணற்றங்கரைக்குப் போவோம். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது, பாட்டியைக் கேளுங்கள். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்வார்கள். நோய்க்காரரின் கால் தண்ணீரில் பட்டதும் புண்ணுக்குள் இருக்கிற புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்பில் ஒரு வருஷம் வளர்ந்து, மூன்றடி நீளப் புழுவாகக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே சீழ் பிடித்துவிடும். ஆகவே ஒரு சின்னக் குச்சியை எடுத்து, புழுவின் தலையை அதில் சுற்றி, இன்று ஒரு சுற்று, நாளை ஒரு சுற்று, நாளைக்கழித்து இன்னொரு சுற்று. நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில். ஜெசி அப்படி உட்கார்ந்து சுற்றினார். அவர் மகன் பக்கத்தில் நின்று பார்த்தான், அருவருத்தான்.

குச்சியால் சுற்றினால் ஒரு கால் பிழைக்கும். ஊர் பிழைக்குமா? பிழைக்காது. கிணற்றுக்குள் கால் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு என்ன மருந்து? கல். கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் கட்டுங்கள், இறங்காமல் வாளி விட்டு இறைத்துக் குடியுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவருக்குப் பிறகு ஈவ்லின் அம்மாளும் சொன்னார். மலைத்தொடர்களில் அந்த நோய் ஓய்ந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. இந்தியா முழுக்க அந்தப் புழுவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல். பரலோகத்தில் பொக்கிஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டேனே, ஒரு முகவரி கிடைத்துவிட்டது. இடுப்பளவு கல் சுவர்.

1929 ஜூன் 15. கருநீர்க் காய்ச்சல் என்கிற கடுமையான மலேரியாவில் ஜெசி பிராண்ட் இறந்தார். வயது 44. அப்போது மகன் பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் பிரிந்த அப்பாவைத் திரும்பப் பார்க்கவேயில்லை. மரணத் தந்தி முதலில் வந்தது. அப்பா எழுதிய கடிதம் கப்பலில் ஏறி, தந்திக்குப் பிறகு வந்தது. மலையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் சந்தோஷமாக எழுதிய கடிதம். இறந்துபோன மனிதரிடமிருந்து வந்த அந்தக் கடிதத்தை அந்தப் பையன் எப்படிப் பிரித்திருப்பான்?

அந்தப் பையன் தச்சும் கொத்தும் படித்தான். புண்ணும் சீழும் பார்த்து வளர்ந்தவனுக்கு மருத்துவம் வேண்டாமென்றிருந்தது. பின்னால் மனம் மாறி, மருத்துவராகி, 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கிறது என்று உலகுக்குக் காட்டியவர். வேலூரைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேசலாம். இன்று அவரிடமிருந்து எனக்கு வேண்டியது அறுவைக் கத்தி இல்லை, அவர் கைப்பட எழுதிய ஒரு பிள்ளைப் பருவ நினைவு.

மலையில் பையன்களோடு நெல் வயலில் தவளை பிடித்துக்கொண்டிருந்தாராம். படிக்கட்டு வயல். பையன்கள் மிதித்த மிதியில் சேறு கலங்கித் தண்ணீரோடு கீழ் வயலுக்கு இறங்கியது. வாய்க்காலைக் காக்கிற தாத்தா ஒருவர் தடியூன்றி வந்தார். திட்டப்போகிறார் என்று பையன்கள் நடுங்கினார்கள். தாத்தா திட்டவில்லை. குனிந்து கலங்கிய தண்ணீரிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளினார். உள்ளங்கையில் வைத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மலையில் நெல் விளைவது இந்தச் சேற்றில்தான், போன சேறு தானாக மலையேறி வருமா என்று கேட்டார். அவ்வளவுதான், போய்விட்டார். உலகம் சுற்றி, மருத்துவத்தில் பெரிய விருதுகள் வாங்கி முதுமை எய்திய பிறகும் பால் பிராண்ட் அந்த ஒரு பிடி சேற்றை மறக்கவில்லை; அதைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அந்தத் தாத்தா மத்தேயு படித்தவரா? தெரியாது. ஆனால் புதையல் கதையில் நிலம் எதற்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஈவ்லின் அம்மாளிடம் திரும்புவோம். விதவையானார். இங்கிலாந்து போய் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன், போதும் அம்மா, ஓய்வு பெறுங்கள் என்றது. இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கள் என்று மன்றாடினார். அந்த வருஷமும் முடிந்து வழியனுப்பு விழா வைத்தார்கள். விழாவில்தான் அம்மாள் குண்டைப் போட்டார்: உங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொள்கிறேன், மலையிலிருந்து இல்லை. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறவில்லை, மலை ஏறினார். நம் வீட்டுப் பெரியவர்கள் பென்ஷன் வந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு உட்கார்கிற வயதில், மட்டக் குதிரையில் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உட்பட ஐந்து மலைத்தொடர்கள். விழுந்தார், எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழி ஊன்றி நடந்தார். பெரிய டாக்டரான மகன் வந்து, போதும், கீழே வாருங்கள் என்று கெஞ்சினார். கீழே வந்து இந்தக் கிழட்டு உடம்பைப் பத்திரப்படுத்தி யாருக்கு என்ன லாபம் என்கிற பாங்கில் பதில் வந்தது. மகன் தோற்றார். அம்மாவிடம் ஜெயித்த டாக்டர் எங்கே இருக்கிறார்?

கடைசி இருபது வருஷம் அந்த வீட்டில் கண்ணாடி கிடையாது. ஓவியம் கற்றவர், அழகி என்று பேர் வாங்கியவர், தம் முகத்தைப் பார்க்கவே இல்லை. துறவு என்று இதைப் பெரிதாக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தைப் பார்த்து 'பாட்டி வந்தாச்சு' என்று ஓடி வந்தபோது, கண்ணாடிக்கு அங்கே என்ன வேலை?

1974 டிசம்பர் 18. ஈவ்லின் பிராண்ட் காலமானார். வயது 95. மலைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். சாதாரணப் பருத்தித் துணி ஒன்றில் சுற்றி மண்ணில் வைக்கச் சொல்லியிருந்தார், உடம்பு சீக்கிரம் அந்த மண்ணோடு கலந்துவிட வேண்டுமென்று. வாழவந்தியில், 45 வருஷம் காத்திருந்த கணவரின் குழிக்குப் பக்கத்தில், அப்படியே வைத்தார்கள்.